இன்ஜின் மிஸ் ஆகிறதா? வாங்குவதற்கு முன் ஒரு சோதனை, வாங்கிய பின் வேறு சோதனை

பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஸ்டீயரிங் நடுங்குகிறது. பின்னால் போய் நின்று கேட்டால், ஒரே சீராக வர வேண்டிய சைலன்சர் சத்தம் நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு திக்கல். ஒரு சிலிண்டர் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் விடுகிறது; இதைத்தான் மிஸ் ஆவது என்கிறோம். விற்பவர், "பிளக் மாத்தினா சரியாயிடும்" என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பல நேரம் அது உண்மையாகவே இருக்கும்.

இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். அதே மாதிரி காரை வாங்கி ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் காலையில் அதே நடுக்கம், அதே திக்கல்.

இருவரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மிஸ் ஆகிறது, எதைப் பார்ப்பது? இருவருக்கும் கிடைக்கிற பதிலும் ஒன்றுதான்: முதலில் பிளக் (பொறி கொடுப்பது), அப்புறம் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது), அப்புறம் இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சுவது), கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்). இரண்டாமவருக்கு இந்த வரிசை பெரும்பாலும் சரி. முதலாமவருக்கு இது ஏறக்குறைய தலைகீழ். காரை ஏற்கெனவே வைத்திருப்பவர், எது நடந்திருக்க அதிக வாய்ப்போ அதிலிருந்து தொடங்கலாம். வாங்கப் போகிறவர், எது நடந்திருந்தால் தாங்க முடியாதோ அதிலிருந்து தொடங்க வேண்டும். பிளக் கெட்டிருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? வால்வு (சிலிண்டருக்குள் காற்றையும் வெளியே புகையையும் விடும் கதவு) எரிந்திருந்தால்தான் நஷ்டம்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் பேசுவது பெட்ரோல் இன்ஜினைப் பற்றி. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே பாதி விசாரணை இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (பீய்ச்சாமல் திரும்பிப் போகும் டீசல்) அளவிலேயே முடிந்துவிடும். அது தனிக் கதை.

மிஸ் ஆகும்போது உள்ளே நடப்பது

நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. 720 டிகிரிக்கு நான்கு எரிப்பு, அதாவது 180 டிகிரிக்கு ஒன்று. ஐடில் 750 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 750 சுற்று) என்றால் நொடிக்கு 25 எரிப்புகள். ஒரு சிலிண்டர் முழுக்கச் செத்துப்போனால் நொடிக்கு ஆறு தடவைக்கு மேல் அந்த வரிசையில் ஓட்டை விழுகிறது. நம் கைக்கு நடுக்கமாகத் தெரிவது அதுதான்.

கிராங்க் சென்சார் பிடிப்பதும் அதே ஓட்டையைத்தான். ஒவ்வொரு எரிப்புக்குப் பிறகும் கிராங்க் துளி வேகம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்த சிலிண்டரின் கணக்கில் ஒன்று எழுதிக்கொள்கிறது. கணக்கு ஒரு அளவைத் தாண்டினால் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0301, பி0302 என்று கோட் (பிழை எண்) வந்தால் கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது. பி0300 என்றால் எந்த ஒரு சிலிண்டர் மேலும் உறுதியாகப் பழி போட முடியவில்லை என்று பொருள்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர் தள்ளவில்லை என்பது மட்டும்தான் செய்தி. ஏன் தள்ளவில்லை என்று ஈசியுவுக்குத் தெரியாது. பொறி வராமல் இருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், கூடுதலாகக் காற்று நுழைந்திருக்கலாம், அல்லது பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் உள்ளே அழுத்தமே உண்டாகாமல் இருக்கலாம். இந்த நான்கும் ஒரே எண்ணாகத்தான் திரையில் வரும்.

கூடவே ஒரு மயக்கமும் உண்டு. எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலோடு சேர்ந்து எரியாத காற்றும் வெளியே போகிறது. ஆக்சிஜன் சென்சார் பார்ப்பது அந்த ஆக்சிஜனை மட்டும்தான். அதனால் "பெட்ரோல் குறைவு" என்று தவறாகச் சொல்ல, ஈசியு இன்னும் பெட்ரோலைக் கூட்டுகிறது. மிஸ்ஸிங் இருக்கிற காரில் பெட்ரோல் குறைவு என்று கோட் வந்தால் உடனே பம்ப் மேல் சந்தேகப்பட வேண்டாம்; மிஸ்ஸிங்கே அந்தக் கோடுக்குக் காரணமாக இருக்கலாம்.

ஊகித்து மாற்றுவது

எல்லோரும் முதலில் போகிற வழி இது. எனக்கு இதில் சொந்த அனுபவம் இருக்கிறது. நான் வாங்கிய முதல் பழைய காரில் மூன்றாவது சிலிண்டர் கோட் வந்தது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். முதலில் அந்தக் காயிலை மாற்றினார்கள். நடுக்கம் போகவில்லை. "ஒண்ணு போச்சுன்னா மத்ததும் போகும்" என்று நான்கையும் மாற்றினார்கள். பிளக் மாற்றினார்கள். இன்ஜெக்டரைக் கழுவினார்கள். இரண்டு மாதம் ஓடிப்போனது. கடைசியில் ஒரு நண்பரிடம் கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டரும் 170 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) பக்கம் நின்றன. மூன்றாவது 95. ஹெட்டை (வால்வுகள் இருக்கும், சிலிண்டர்களின் மேல் மூடி) இறக்கியபோது, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கரிந்து பல் விழுந்தது போல இருந்தது. மாற்றிய புதுக் காயில்கள் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் பொறி கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. காரை வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் அந்த 95 எனக்கு அன்றே தெரிந்திருக்கும். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த எண்தான்.

ஆனாலும் ஊகத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பிளக் விஷயத்தில் மட்டும் அதற்கு இடம் உண்டு. சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரைக்கும், இரிடியம் பிளக் சுமார் 1,00,000 கி.மீ. வரைக்கும் தாங்கும். பழைய காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாவிட்டால், மாற்றுவது ஊகம் ஆகாது, பராமரிப்பு. அதைவிடப் பெரிய லாபம், கழற்றிய பிளக்கை வாசிக்கலாம். வெளிர் பழுப்போ சாம்பலோ இருந்தால் அந்த சிலிண்டர் ஒழுங்காக எரிந்திருக்கிறது. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ வால்வு சீலோ எண்ணெயை விடுகிறது. வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தில் பென்சில் கோடு இழுத்தது போல ஒரு கறுப்புக் கீறல் இருந்தால், மின்சாரம் நுனிக்குப் போகாமல் அந்த வழியாக இறங்கி ஓடியிருக்கிறது. பிளக்கோடு காயிலின் ரப்பர் பூட்டையும் மாற்ற வேண்டும். மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால் கவலைப்படுங்கள். அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) போகிறது என்பதற்கான அடையாளம் அது.

ஆகவே பிளக் வரை ஊகம் சரி. காயிலில் தொடங்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர்

ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டக் காரில் இருக்கும் இணைப்பு) செருகி போனில் பார்க்கிற சின்ன ரீடர்கூடப் போதும். காரை வைத்திருப்பவருக்கு இது சொல்லும் முக்கியமான விஷயம், கோடோடு சேர்த்துப் பதிவாகிற ஃப்ரீஸ் ஃப்ரேம். மிஸ் ஆன அந்தக் கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி, இன்ஜின் மேல் சுமை எவ்வளவு என்று ஒரு புகைப்படம்போல அதில் இருக்கும். அதைப் படிக்காமல் கோடை அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அழித்தால் அந்தப் படமும் போய்விடும். ஆகவே முதல் வேலை, அதை எழுதி வைப்பது.

அடுத்தது ஃபியூயல் டிரிம். ஈசியு தன் கணக்கிலிருந்து எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஐடிலில் 20 சதவீதம் கூட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் சரியாகிவிடுகிறது என்றால் எங்கோ காற்று ஒழுகி உள்ளே வருகிறது: வெடித்த வேக்யூம் ஹோஸ், இன்டேக் (காற்று உள்ளே வரும் வழி) கேஸ்கெட் இப்படி. ஐடிலில் நன்றாக இருந்து, ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கக் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்து போதவில்லை: பம்ப், ஃபில்டர்.

வாங்கப் போகிறவருக்கு ஸ்கேனரின் பயன் வேறு. கோட் இருக்கிறதா என்பதைவிட, கோடை யாராவது நேற்று அழித்தார்களா என்பதுதான் அவருக்கு முக்கியம். இதைக் கண்டுபிடிக்க முடியும். கோடை அழிக்கும்போது ஈசியுவின் சுயபரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ரெடினஸ் என்ற பக்கத்தில் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், இவாப் என்று வரிசையாக "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள். பல கார்களில் "அழித்த பின் ஓடிய தூரம்", "அழித்த பின் எத்தனை முறை இன்ஜின் சூடானது" என்ற இரண்டு எண்களும் கிடைக்கும். ஒரு லட்சம் ஓடிய கார், அழித்த பின் 6 கி.மீ. என்று காட்டினால் கேள்வி கேளுங்கள். "பேட்டரி கழட்டினோம்" என்று பதில் வரலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் அவரையே நாலைந்து நாள் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி வந்து பாருங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் அதற்குச் சம்மதிப்பார்.

கூடவே செய்ய வேண்டிய சின்ன வேலை: சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு அப்போது எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் விளக்கே வேலை செய்யாமல் வைத்திருக்கிறார்கள்.

இடம் மாற்றிப் பார்ப்பது

காரை வைத்திருப்பவருக்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான சோதனை இல்லை. புதுப் பாகம் எதுவும் வேண்டாம். கோட் பி0303 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது சிலிண்டரின் காயிலை ஒன்றாவதுக்கு மாற்றுங்கள். மூன்றாவதின் பிளக்கை இரண்டாவதுக்கு மாற்றுங்கள். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். கோடை அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேம் சொன்ன அதே நிலைமையில் ஓட்டுங்கள். மிஸ் ஒன்றாவதுக்குப் போனால் காயில். இரண்டாவதுக்குப் போனால் பிளக். மூன்றிலேயே இருந்தால் இன்ஜெக்டர், வயரிங், அல்லது கம்ப்ரஷன். ஒரே ஓட்டத்தில் மூன்று கேள்விக்குப் பதில்.

மல்டிமீட்டர் வைத்துக் காயிலின் ஓம் அளப்பதைவிட இது நம்பகமானது. மேசை மேல் குளிர்ந்திருக்கும் காயில் சரியான ஓம் காட்டும்; இன்ஜின் சூட்டில், அழுத்தத்துக்கு எதிராகப் பொறி கொடுக்கச் சொன்னால் தோற்றுவிடும். அளவு தப்பாக இருந்தால் காயில் கெட்டது என்று சொல்லலாம், சரியாக இருந்தால் நல்லது என்று சொல்ல முடியாது.

இதற்கும் எல்லைகள் உண்டு. பழைய அமைப்புகளில் ஒரே காயில் ஒன்றுக்கும் நாலுக்கும் சேர்த்துப் பொறி கொடுக்கும். அங்கே இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே மிஸ் ஆனால் அந்தப் பொதுக் காயிலைப் பாருங்கள்; ஒன்று மட்டும் என்றால் பிளக் வயரைப் பாருங்கள். வி6 இன்ஜின்களில் பின்வரிசைப் பிளக்கைத் தொடவே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அங்கே இது எளிய சோதனை இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வருகிற மிஸ்ஸிங்கில், மாற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் வயரையோ பிடுங்காதீர்கள். 20,000 வோல்டுக்கு மேல் அங்கே இருக்கிறது. எந்த சிலிண்டர் செத்தது என்று ஓடும்போதே கண்டுபிடிக்க வேண்டுமானால் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பெட்ரோலும் நிற்பதால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கெடுதல் இல்லை. கழற்றியபோது எந்த சிலிண்டருக்கு இன்ஜினின் ஓட்டம் மாறவே இல்லையோ அதுதான் ஏற்கெனவே செத்தது. இரண்டாவது, அலுமினிய ஹெட்டில் பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். சூட்டில் திருகினால் மரை போய்விடும்.

வாங்கப் போகிறவருக்கு இந்த வழி அவ்வளவு உதவாது. அடுத்தவர் காரில் பாகங்களை இடம் மாற்றி ஒரு நாள் ஓட்ட யாரும் விடமாட்டார்கள். விட்டாலும் கிடைப்பது காயிலா பிளக்கா என்ற பதில். முடிவை மாற்றப் போகிற பதில் அதுவல்ல.

கம்ப்ரஷன்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சோதனை எளிது. இன்ஜின் சூடாக, பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். சூடாக்கிய இன்ஜினைப் பிளக் கழற்றுகிற அளவுக்குக் கொஞ்சம் ஆறவிடுங்கள், முழுக்கக் குளிர விட வேண்டாம். பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிட்டு, எல்லாப் பிளக்கையும் கழற்றி, கேஜை ஒவ்வொரு ஓட்டையிலும் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஐந்தாறு தடவை இன்ஜின் இழுக்கிற அளவுக்குச் சுற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சுற்றினால் காற்றே உள்ளே போகாமல் நல்ல இன்ஜின்கூடக் குறைவாகக் காட்டும். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்கள் 150 முதல் 200 பிஎஸ்ஐக்குள் வரும். சரியான எண் அந்த இன்ஜினின் கையேட்டில் இருக்கும். ஆனால் தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் பேசும். எல்லாமே 145 என்றால் தேய்ந்த இன்ஜின், ஆனால் சீராக ஓடும். மூன்று 175, ஒன்று 110 என்றால் அந்த ஒன்று மிஸ் ஆகத்தான் செய்யும். அதைப் புதுக் காயில் காப்பாற்றாது.

குறைவாக வந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்குக் கீழே ஒழுகாமல் அடைக்கும் தகடு). அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் பிளந்திருக்க நிறைய வாய்ப்பு.

கம்ப்ரசர் இருக்கிற பட்டறையில் லீக்-டவுன் சோதனையும் செய்வார்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பிளக் ஓட்டை வழியாகக் காற்றை ஏற்றி, எங்கே ஒழுகுகிறது என்று காதால் கேட்பது. இன்டேக்கில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடி வழியாக வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கம்ப்ரஷன் சோதனை எந்த சிலிண்டர் என்று சொல்கிறது. லீக்-டவுன் எந்தப் பாகம் என்று சொல்கிறது. காரை வைத்திருப்பவருக்கு, ஹெட்டை இறக்குவதற்கு முன் இரண்டாவதும் வேண்டும். வாங்கப் போகிறவருக்கு முதலாவதே போதும். எந்த வால்வு என்று தெரிந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

விற்பவர் பிளக்கைக் கழற்ற விடமாட்டேன் என்றால்? கருவியே இல்லாமல் ஒரு அரைச் சோதனை உண்டு. பல பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் ஈசியு பெட்ரோலை நிறுத்திவிடும். பெட்ரோலில் மூழ்கிய பிளக்கை உலர்த்துவதற்காக வைத்த ஏற்பாடு அது. இன்ஜின் பிடிக்காமல் சும்மா சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். எல்லா சிலிண்டரும் ஒரே அழுத்தம் கொடுத்தால் ஸ்டார்ட்டர் தாளம் தப்பாமல் இழுக்கும். ஒரு சிலிண்டர் வலுவிழந்திருந்தால் அந்த இடம் வரும்போது மட்டும் சட்டென்று வேகம் எடுத்து நழுவும். நொண்டுகிற தாளம் காதுக்கு நன்றாகவே தெரியும். எல்லாக் காரிலும் இந்த வசதி இல்லை, பட்டன் ஸ்டார்ட்டில் முடியாமலும் போகலாம். ஆனால் நொண்டல் கேட்டுவிட்டால் பிளக் கதையை நம்ப வேண்டாம்.

இதே வேலையை ஆசிலாஸ்கோப் இன்னும் துல்லியமாகச் செய்யும். பேட்டரி வயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் மாட்டி ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட்டை வரைந்து பார்த்தால், வலுவில்லாத சிலிண்டரின் மேடு மட்டும் தாழ்ந்திருக்கும். பொறியின் அலையையும் இன்ஜெக்டரின் அலையையும் அதில் படிக்கலாம். வந்து வந்து மறைகிற, யாருக்கும் பிடிபடாத மிஸ்ஸிங்குக்கு அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். மற்றவற்றுக்குத் தேவையில்லை.

என் வரிசை

வாங்கப் போகிறீர்கள் என்றால், வண்டியை நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லலாம். காரணம் இருக்கிறது: ஹெட் கேஸ்கெட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் இரவு முழுக்க ஒரு சிலிண்டருக்குள் கூலன்ட் சொட்டியிருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் மிஸ் ஆகி, வெள்ளைப் புகை விட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சீராகிவிடும். சூடான இன்ஜினில் இதைப் பார்க்கவே முடியாது.

குளிர்ந்த ஸ்டார்ட், அதற்கு முன் மிதித்துச் சுற்றிய தாளம், அப்புறம் ஸ்கேனரில் ரெடினஸ். இந்த மூன்றும் சுத்தமாக இருந்து மிஸ் மட்டும் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ். அதுவும் சமமாக வந்தால் மிச்சமிருப்பது பெரும்பாலும் வெளியே மாட்டியிருக்கும் பாகங்கள். பேரம் பேசி வாங்கலாம், பயம் வேண்டாம். கேஜும் வைக்க முடியாது, தாளமும் சந்தேகமாக இருக்கிறது என்றால் நான் அந்தக் காரை விட்டுவிடுவேன். நல்ல காராக இருந்திருக்கலாம். இருந்தாலும் விட்டுவிடுவேன்.

ஏற்கெனவே உங்கள் கார் என்றால் ஃப்ரீஸ் ஃப்ரேமை எழுதி வைத்து, பிளக்கைக் கழற்றி வாசித்து, இடம் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான மிஸ்ஸிங் இந்த இடத்திலேயே பிடிபடும். மிஸ் அதே சிலிண்டரில் நின்றால், இன்ஜெக்டரைக் கழற்றவோ கழுவவோ கொடுப்பதற்கு முன் கம்ப்ரஷன் பாருங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் வழக்கமான வரிசையை மாற்றுவேன். பிளக்கை ஏற்கெனவே ஒரு தடவை கழற்றியாயிற்று, கேஜ் வைக்கக் கால் மணி நேரம். இன்ஜெக்டர் வேலை அப்படியில்லை. அதிலும் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜின்களில் உயர் அழுத்தக் குழாயைக் கழற்றி, புது சீல் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

எப்போது மிஸ் ஆகிறது என்பது வரிசையைக் கொஞ்சம் மாற்றும். மழை நாளில் மட்டும் என்றால் காயில் பூட், பிளக் வயர். சூடான பிறகு மட்டும் என்றால் காயில், கிராங்க் சென்சார். ஐடிலில் மட்டும் என்றால் காற்று ஒழுகல் அல்லது திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது). ஏற்றத்தில் மட்டும் என்றால் பொறி அல்லது பெட்ரோல் அழுத்தம். பி0300 கூடவே பி0016 (கிராங்கும், வால்வுகளை இயக்கும் கேம் தண்டும் ஒத்துப்போகவில்லை என்ற கோட்) வந்தால் காயிலை விட்டுவிட்டு, அந்த இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு வகைக் கார்களை இந்தப் பொது வரிசையில் சேர்க்க மாட்டேன். ஒன்று, எல்பிஜி அல்லது சிஎன்ஜி மாட்டி நெடுநாள் ஓடிய கார். வாயுவைப் பற்ற வைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் லேசாகத் தேய்ந்த பிளக்கும் காயிலும் அங்கே முதலில் தோற்கும். பெட்ரோலுக்கு மாற்றியதும் மிஸ் மறைந்தால் பெரும்பாலும் அதுதான், அல்லது கேஸ் கிட்டின் டியூனிங். இரண்டிலும் மிஸ் ஆனால் வால்வு கிளியரன்ஸை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) பாருங்கள். வால்வு உட்காரும் சீட் தேயத் தேய இடைவெளி சுருங்கி, கடைசியில் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் ஒழுகும். இந்தக் கார்களில் சொந்தக்காரரும் கம்ப்ரஷனில் இருந்தே தொடங்கலாம்.

மற்றொன்று நேரடி இன்ஜெக்ஷன். பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் படாததால் கழுவப்படாமல் கரி ஏறிக்கொண்டே போகும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பல சிலிண்டரில் மாறி மாறி மிஸ், சூடானதும் சரி. ஹெட் கேஸ்கெட்டின் காலை மிஸ்ஸிங்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். கேஸ்கெட் என்றால் எப்போதும் அதே சிலிண்டர், கூலன்ட்டும் குறையும். கரி என்றால் கூலன்ட் குறையாது. டாங்கில் ஊற்றுகிற கிளீனர் இந்தக் கரியைத் தொடவே தொடாது. இன்டேக்கைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கிற பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு சாதாரண காயிலுக்காகக் கன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். சிமிட்டினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி, வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள்.

சரி செய்த பிறகு ஐடிலில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். எழுதி வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமை எடுங்கள். அதில் கூலன்ட் 40 டிகிரி, 1,800 ஆர்பிஎம், பாதிச் சுமை என்று இருந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளம்பி அதே வேகத்தில் அதே மாதிரி ஏற்றத்தில் ஓட்டுங்கள். உங்கள் ஸ்கேனர் சிலிண்டர் வாரியாக மிஸ் எண்ணிக்கையைக் காட்டினால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் காலை அந்த எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால், அப்புறம் கழற்றி வைத்த பழைய காயிலைத் தூக்கிப் போடலாம்.